ஜான் ஹார்ட்ஃபீல்டு: கத்தரிக்கோலும் பசையும் புகைப்படமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜான் ஹார்ட்ஃபீல்டு யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1891-இல் பெர்லினில் பிறந்து, 1968-இல் கிழக்கு பெர்லினில் இறந்த ஜெர்மானிய வரைகலைக் கலைஞர். புகைப்படங்களை வெட்டி ஒட்டி, அவற்றோடு எழுத்தையும் சேர்த்து, போஸ்டர்களும் புத்தக அட்டைகளும் இதழ்ப் பக்கங்களும் செய்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு முன்பும் வந்த பிறகும் அவரைப் படத்தால் எதிர்த்தவர்களில் இவரைப் போல விடாப்பிடியாக நின்றவர்கள் குறைவு. விளம்பரத் துறையில் கற்ற தொழிலை அப்படியே அரசியலுக்குக் கொண்டுவந்தார் என்பதுதான் என்னை இவரிடம் திரும்பத் திரும்ப இழுக்கிறது. இந்தப் பக்கத்தில் பல பதில்கள் அந்த இடத்துக்கே வந்து சேரும்.

ஜெர்மானியருக்கு எப்படி இங்கிலீஷ் பெயர் வந்தது?

பிறந்தபோது வைத்த பெயர் ஹெல்முட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட். முதல் உலகப் போரின்போது ஜெர்மனியில் ‘கடவுளே, இங்கிலாந்தைத் தண்டி’ என்ற முழக்கம் எங்கும் ஒலித்தது. அந்த வெறுப்பைப் பொறுக்க முடியாமல் 1916-இல் அவர் தன் பெயரையே எதிரி நாட்டு மொழிக்கு மாற்றிக்கொண்டார். போர் நடக்கும் நாட்டில், போர் நடக்கும்போதே இதைச் செய்வதற்குத் துணிச்சல் வேண்டும். ஓவியர் ஜார்ஜ் கிராஸும் அதே சமயத்தில்தான் தன் ஜெர்மன் பெயரை மாற்றிக்கொண்டார். இருவரும் நெருங்கிய நண்பர்கள்.

குழந்தைப் பருவம் எப்படி இருந்தது?

கொடுமையாகத்தான் இருந்தது. அப்பா ஒரு சோஷலிச எழுத்தாளர். தெய்வ நிந்தனை வழக்கில் தண்டனை வந்ததால் குடும்பத்தோடு ஜெர்மனியை விட்டு வெளியேறினார். 1899-இல் ஆஸ்திரியாவில், சால்ஸ்பர்க் அருகே ஒரு மலைக் குடிசையில் நான்கு குழந்தைகளையும் விட்டுவிட்டு அப்பா அம்மா இருவரும் காணாமல் போனார்கள். மூத்தவர் ஹெல்முட்டுக்கு அப்போது எட்டு வயது. அப்புறம் வளர்ப்புப் பெற்றோர், விடுதி என்று காலம் போனது. தம்பி வீலாண்டும் இவரும் கடைசிவரை ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் இருந்ததற்கு அந்தக் குடிசையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

விளம்பரத் துறைக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. மியூனிக் நகரின் கைவினைக் கலைப் பள்ளியில் படித்தார். அங்கே சொல்லிக்கொடுத்தது ஓவியக் கண்காட்சிக்கான கலையை அல்ல, பயன்பாட்டுக் கலையை. 1912-இல் மன்ஹைம் நகரில் காகிதப் பொருள்கள் செய்யும் ஒரு அச்சு நிறுவனத்தில் விளம்பர வடிவமைப்பாளராகச் சேர்ந்தார். பொட்டலத்தைப் பார்த்தவுடன் கடைக்கு வந்தவர் கை நீட்ட வேண்டும் என்பது அங்கே தினசரி வேலை.

1917-இல் தம்பி வீலாண்ட் ஹெர்ட்ஸ்ஃபெல்டேயோடு சேர்ந்து மாலிக் பதிப்பகத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டு ஜூனில் வந்த ‘நொய்யே யூகெண்ட்’ இதழின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். கிராஸின் படத் தொகுப்பு ஒன்றுக்கான விளம்பரம் அது. அச்சகத்தில் கிடக்கும் பழைய பட அச்சுகளையும் விதவிதமான எழுத்துகளையும் எடுத்துப் பக்கம் முழுக்க இறைத்திருப்பார். கண் ஓரிடத்தில் நிற்காமல் ஓடும். நவீன அச்சு வடிவமைப்பின் வரலாற்றில் அந்தப் பக்கத்துக்குத் தனி இடம் உண்டு.

மாலிக் புத்தக அட்டைகளிலும் அதே விளம்பரக் கண் தெரியும். முன்னட்டை, முதுகு, பின்னட்டை மூன்றையும் ஒரே நீளப் படமாக யோசித்தார். முன்னட்டையில் ஒரு காட்சி இருக்கும். புத்தகத்தைத் திருப்பினால் பின்னட்டை அதற்குப் பதில் சொல்லும். கடையில் எடுத்தவர் திருப்பிப் பார்க்காமல் வைக்க முடியாது. இன்று சாதாரணமாகத் தெரியும் இந்த உத்தி அன்று புத்தகக் கடைகளுக்குப் புதிது.

போட்டோமாண்டாஜ் என்றால் என்ன? அதைக் கண்டுபிடித்தது இவர்தானா?

வெவ்வேறு புகைப்படங்களின் துண்டுகளைச் சேர்த்து ஒரே படமாக்குவதுதான் போட்டோமாண்டாஜ். யார் முதலில் என்பதில் அப்போதே சண்டை. 1916-இல் ஒரு நாள் விடியற்காலையில் தானும் ஹார்ட்ஃபீல்டும் சேர்ந்து கண்டுபிடித்ததாக கிராஸ் எழுதினார். 1918-இல் பால்டிக் கடலோரத்துக்கு விடுமுறை போனபோது தங்களுக்குத்தான் தோன்றியது என்றார் ரௌல் ஹௌஸ்மன்; இவரும் பெர்லின் கலைஞர்தான், அவரோடு இருந்தவர் இன்னொரு கலைஞரான ஹன்னா ஹோஹ். உண்மையில் படங்களை வெட்டி ஒட்டும் பழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வாழ்த்து அட்டைகளிலும் குடும்ப ஆல்பங்களிலும் ஏற்கெனவே இருந்தது. அந்த விளையாட்டைக் கலையாக மாற்றியது, கலையின் வழக்கமான விதிகளையே கேலி செய்த பெர்லினின் ‘டாடா’ கலைஞர் குழு. அதை லட்சக்கணக்கானோர் கைக்குப் போகும் அச்சுத் தொழிலாக்கியவர் ஹார்ட்ஃபீல்டு. முதல் ஆள் யார் என்பதைவிட எனக்கு இந்த இரண்டாவது விஷயம் பெரிதாகப் படுகிறது.

ஹன்னா ஹோஹின் படங்களுக்கும் இவர் படங்களுக்கும் என்ன வித்தியாசம்?

ஹோஹின் படங்களில் கத்தரிக்கோல் போன தடம் தெரியும். துண்டு துண்டாக, அளவு மாறி, தலை ஓரிடம் உடல் ஓரிடமாக இருக்கும். உலகமே சிதறிக் கிடக்கிறது என்று அந்தப் படங்கள் சொல்கின்றன. ஹார்ட்ஃபீல்டும் 1920 வரை அப்படித்தான் செய்தார். பிறகு வழி மாறினார். ஒட்டு தெரியாமல், வெளிச்சமும் நிழலும் ஒத்துப்போய், ஒரே சொடுக்கில் எடுத்த போட்டோ மாதிரி முடித்தார். பார்ப்பவர் முதல் நொடியில் நம்ப வேண்டும். அடுத்த நொடியில் ‘இது எப்படி முடியும்?’ என்று அதிர வேண்டும். சோப்பு விளம்பரமும் சிகரெட் விளம்பரமும் பயன்படுத்திய அதே வழவழப்பு அது. பொருளை விற்கப் பிறந்த அந்தப் பளபளப்பை, பணம் எங்கிருந்து வருகிறது என்று காட்டுவதற்கு அவர் திருப்பிவிட்டார்.

படங்களை அவரே எடுத்தாரா?

பெரும்பாலும் இல்லை. பத்திரிகைகளில் வந்த போட்டோக்களைச் சேர்த்து வைத்திருந்தார். தேவையானது கிடைக்காவிட்டால் புகைப்படக்காரரை வைத்து எடுக்கச் சொல்வார். அவருக்காக வேலை செய்தவர்களில் ஹங்கேரியரான யானோஸ் ரைஸ்மன் முக்கியமானவர். எந்தக் கோணம், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து, கை எப்படி மடங்க வேண்டும் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே வரைந்து கொடுப்பார். இருட்டறையில் பிரிண்ட் போடும்போது பக்கத்திலேயே நின்று, சாம்பல் நிறம் ஒரு பிடி கூடினாலும் குறைந்தாலும் மறுபடி போடச் சொல்வார். உடன் வேலை செய்தவர்களுக்கு அது பெரும்பாடு.

ஒரு படம் மேசையிலிருந்து அச்சுக்குப் போவது வரை என்ன நடந்தது?

முதலில் யோசனையும் வாசகமும். இரண்டும் சேர்ந்தே பிறக்கும். அப்புறம் போட்டோக்கள் எல்லாம் ஒரே அளவுக் கணக்குக்கு வரும்படி பெரிதாக்கியோ சிறிதாக்கியோ பிரிண்ட் போடப்படும். அவற்றை வெட்டி அட்டையில் ஒட்டுவார். வெட்டு விளிம்பு வெளுத்துத் தெரியும் என்பதால் அதன்மேல் தூரிகையாலும் ஏர்பிரஷாலும் சாம்பல் வண்ணம் பூசி மறைப்பார். இல்லாத நிழலை வரைந்து சேர்ப்பார். இந்த ஒட்டுப் பலகை முழுவதையும் மறுபடி ஒரு போட்டோ எடுத்தால் எல்லாத் துண்டுகளும் ஒரே தாளில் ஒன்றாகிவிடும். அதிலும் கொஞ்சம் ரீடச், அதாவது கைத்திருத்தம், நடக்கும்.

கடைசிக் கட்டம் அச்சு. அவருடைய படங்கள் வந்த ‘ஏ.ஐ.இசட்.’ என்ற வார இதழ் கிராவ்யூர் முறையில் அச்சானது. செம்பு உருளையில் மிக நுண்ணிய குழிகள் இருக்கும். ஆழமான குழியில் மை அதிகம், ஆழம் குறைந்ததில் மை குறைவு. அதனால் கறுப்பிலிருந்து வெளிர் நிறம் வரை சறுக்கிக்கொண்டு போகும் மாதிரி நிறம் இறங்கும். சாதாரணச் செய்தித்தாள் படங்களில் தெரியும் புள்ளிகள் கண்ணை உறுத்தாது. மிச்சமிருக்கும் ஒட்டுத் தடமும் அந்த மையில் கரைந்துவிடும். இதைத் தெரிந்தே செய்தார். ஒட்டுப் பலகை அவருக்கு இடைநிலைப் பொருள்தான். தெருவில் விற்கும் இதழின் பக்கம்தான் அவருடைய மூலப் படைப்பு. அருங்காட்சியகத்தில் மூலப் பலகையைப் பார்ப்பவர்களுக்கு அதில் பூச்சும் திருத்தமும் அப்பட்டமாகத் தெரியும். இதழின் பக்கத்தில் அவை எதுவும் தெரியாது.

ஐந்து விரல் போஸ்டரைப் பற்றிச் சொல்லுங்கள்.

1928 மே 20-இல் நடந்த ஜெர்மன் நாடாளுமன்றத் தேர்தலுக்காகச் செய்தது. வாக்குச்சீட்டில் கம்யூனிஸ்ட் கட்சியின் பட்டியல் எண் 5. ஒரு தொழிலாளியின் கை, விரல்களை அகல விரித்து, எதையோ பிடிக்கப் போவது போல நம்மை நோக்கி நீள்கிறது. வேலையின் அழுக்கு அதில் படிந்திருக்கிறது. ‘கைக்கு விரல் ஐந்து. ஐந்தாலும் எதிரியைப் பிடி. பட்டியல் 5-க்கு வாக்களி’ என்பது வாசகம்.

ஒரு விளம்பரக்காரர் இதில் என்ன பார்ப்பார்? வாக்காளர் ஞாபகம் வைக்க வேண்டியது ஒரே ஒரு எண். அந்த எண்ணை அவருடைய சொந்த உடம்பிலேயே கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார் ஹார்ட்ஃபீல்டு. இனி தன் கையைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு 5 ஞாபகம் வரும். இந்தப் படம் இன்றும் உயிரோடு இருக்கிறது. 1998-இல் ஒரு அமெரிக்க ராக் குழு தன் முதல் ஆல்பத்தின் அட்டையிலேயே இந்தக் கையைப் போட்டது.

ஏ.ஐ.இசட். என்பது என்ன இதழ்?

‘தொழிலாளர் பட இதழ்’ என்ற அர்த்தமுள்ள ஜெர்மன் பெயரின் சுருக்கம். கம்யூனிஸ்ட் இயக்கத்தின் பிரசார மேதை வில்லி முன்சென்பெர்க் நடத்திய குழுமத்திலிருந்து வந்தது. உச்சத்தில் சுமார் ஐந்து லட்சம் பிரதிகள் போனதாகக் கணக்கு. ஹார்ட்ஃபீல்டு 1930-இலிருந்து 1938 வரை இதில் 200-க்கும் மேற்பட்ட மாண்டாஜ்களைச் செய்தார். அவற்றில் முதலாவதில் ஒரு மனிதனின் தலை முழுக்கச் செய்தித்தாள் சுற்றியிருக்கும். கண், காது, வாய் எதுவும் இல்லை. ‘முதலாளித்துவப் பத்திரிகை படிப்பவன் குருடாகவும் செவிடாகவும் ஆகிறான்’ என்பது வாசகம்.

ஹிட்லரைப் பற்றிய படங்களில் எதை முதலில் பார்க்க வேண்டும்?

இரண்டைச் சொல்கிறேன். இரண்டும் 1932-இல் வந்தவை. அதாவது ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு முன்பு.

ஜூலையில் வந்தது ‘அதிமனிதர் அடோல்ஃப்: தங்கத்தை விழுங்குகிறார், தகரத்தைப் பேசுகிறார்’. ஹிட்லர் வாயைத் திறந்து முழங்கிக்கொண்டிருக்கிறார். தலை சாதாரணப் போட்டோ. கழுத்துக்குக் கீழே மார்பு எக்ஸ்ரே படம். விலா எலும்புகளுக்கு நடுவே தொண்டையிலிருந்து வயிறு வரை நாணயங்கள் அடுக்காக இறங்கி, அடியில் குவிந்து கிடக்கின்றன. இதயம் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்வஸ்திகா. ஜெர்மனில் ‘தகரம் பேசுவது’ என்றால் உளறுவது. எக்ஸ்ரே பொய் சொல்லாது என்று எல்லோரும் நம்புகிறோம் இல்லையா, அந்த நம்பிக்கையைத்தான் அவர் இங்கே பிடித்துக்கொண்டார். டாக்டர் காட்டும் படத்தை மறுக்க முடியாதது போல இதையும் மறுக்க முடியாது. இந்தப் படம் அந்த ஆண்டே போஸ்டராகப் பெரிதாக்கப்பட்டு பெர்லின் தெருக்களில் ஒட்டப்பட்டது.

அக்டோபரில் வந்தது ‘ஹிட்லர் வணக்கத்தின் அர்த்தம்’. ஹிட்லர் வணக்கம் வைக்கும்போது சில சமயம் கையை முழங்கையில் மடக்கி, உள்ளங்கை தோளுக்குப் பின்னால் சாயும்படி வைப்பார். அந்தக் கையை அப்படியே எடுத்துக்கொண்டு, பின்னால் கோட்டு சூட்டு போட்ட ஒரு பிரம்மாண்ட உருவத்தை நிறுத்தினார் ஹார்ட்ஃபீல்டு. அந்த உருவத்துக்கு முகம் இல்லை. ஹிட்லர் அதன் முன்னால் குழந்தை அளவுக்குத்தான் இருக்கிறார். அந்த உருவம் நோட்டுக் கட்டை ஹிட்லரின் உள்ளங்கையில் வைக்கிறது. பக்கத்தில் வாசகம்: ‘லட்சக்கணக்கில் எனக்குப் பின்னால் நிற்கிறார்கள்!’ ஹிட்லர் தன் தொண்டர்களைச் சொன்னார். படம் லட்சக்கணக்கான பணத்தைக் காட்டுகிறது. வணக்கத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட மாற்றாமல் அதைக் கையேந்தலாக்கிவிட்டார். இந்தப் படத்தைப் பார்த்த பிறகு அந்தச் சைகையை வேறு மாதிரி பார்க்க எனக்கு முடிந்ததில்லை.

வாசகம் இல்லாவிட்டால் படம் நிற்குமா?

பாதிதான் நிற்கும். 1935 டிசம்பரில் வந்த ‘ஆஹா, வெண்ணெய் தீர்ந்துவிட்டது!’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரும்புச் சாமான்களைத் தின்கிறது. குழந்தை கோடரியைக் கடிக்கிறது. நாய் பெரிய நட்டு போல்ட்டை நக்குகிறது. சுவர்த் தாளில் ஸ்வஸ்திகா. சுவரில் ஹிட்லர் படம். பார்த்ததும் சிரிப்பு வரும். கீழே ஹிட்லரின் அமைச்சர் கோரிங் ஹாம்பர்க்கில் பேசியது இருக்கிறது: இரும்பு எப்போதும் நாட்டை வலிமையாக்கியது, வெண்ணெயும் கொழுப்பும் மக்களைக் கொழுக்க மட்டுமே வைத்தன என்று. அதைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிடும். அமைச்சர் சொன்னதை எழுத்துக்கு எழுத்து நம்பினால் சாப்பாட்டு மேசை எப்படி இருக்கும் என்று காட்டியதுதான் அவர் செய்தது. எதிராளியின் வாயிலிருந்து வந்த வார்த்தையை மாற்றாமல் எடுத்துப் போடுவது இவருடைய பெரிய பலம்.

இதுவும் ஒருவகைப் போலிப் படம்தானே? இன்றைய டீப்ஃபேக்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நியாயமான கேள்வி. போலிப் படம், தான் ஒரு செயற்கைப் படம் என்பதையே மறைக்கிறது. ஹார்ட்ஃபீல்டு கைவேலையின் தடத்தைத்தான் மறைத்தார். செய்யப்பட்ட படம் என்பதை மறைக்கவில்லை. குழந்தை கோடரி தின்னாது என்பது எல்லோருக்கும் தெரியும். படத்தின் பக்கத்தில் அவர் பெயரும் இருக்கும்.

1933 செப்டம்பரில் வந்த கோரிங் படத்தில் இது இன்னும் தெளிவு. நாடாளுமன்றத் தீவைப்பு வழக்கு விசாரணை தொடங்கும் சமயம். எரியும் நாடாளுமன்றத்துக்கு முன்னால் கோரிங் கசாப்புக் கத்தியோடும் இரத்தக் கறை படிந்த ஏப்ரனோடும் நிற்கிறார். முகம் வெறியோடு கத்துகிறது. அந்த முகம் அசல் போட்டோவிலிருந்து எடுக்கப்பட்டது, ரீடச் செய்யப்படவில்லை என்று படத்தின் கீழேயே ஒரு குறிப்பு போட்டார். எது ஒட்டியது, எது அசல் என்று வாசகரிடமே சொல்லிவிட்டார். அந்தக் குறிப்பு இருப்பதால் படத்தின் பயங்கரம் கூடுகிறது.

நாஜிகள் சும்மா விட்டார்களா?

1933 ஏப்ரலில் நாஜிப் படையினர் அவருடைய பெர்லின் வீட்டுக்குள் புகுந்தார்கள். பால்கனியிலிருந்து குதித்துத் தப்பி, மலையை நடந்தே கடந்து செக்கோஸ்லோவாகியா போய்ச் சேர்ந்தார். ஏ.ஐ.இசட். இதழும் பிராகுக்கு இடம் மாறியது. 1934-இல் அவருடைய ஜெர்மன் குடியுரிமை பறிக்கப்பட்டது.

அதே 1934-இல் பிராகின் மானெஸ் அரங்கில் ஒரு பன்னாட்டுக் கேலிச்சித்திரக் கண்காட்சி. ஹார்ட்ஃபீல்டின் படங்களைப் பார்த்து ஜெர்மன் தூதரகம் கொதித்து எழுந்து புகார் செய்தது. சில படங்கள் இறக்கப்பட்டன. அவர் அழுது புலம்பவில்லை. அதையே அடுத்த படத்துக்குப் பொருளாக்கினார். படங்கள் அகற்றப்பட்ட சுவரின் வெற்றிடத்தில் சிறைக் காட்சி தெரிவது போல ஒரு மாண்டாஜ். ‘எத்தனை படங்களை இறக்குகிறார்களோ அத்தனைக்கு உண்மை தெரிகிறது’ என்பது தலைப்பு.

அவருடைய அரசியலில் குறையே இல்லையா?

உண்டு, மறைக்கக் கூடாது. கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கியபோதே சேர்ந்தவர். இன்னொரு தொழிலாளர் கட்சியான சோஷல் டெமாக்ரட்டுகளையும் அந்தக் கட்சி பெரிய எதிரியாகப் பார்த்த காலத்தில் இவரும் அப்படியே படம் செய்தார். 1931-இல் கோட்டு சூட்டின் மேல் புலித்தலை வைத்து சோஷல் டெமாக்ரட் கட்சியைத் தாக்கிய படம் இருக்கிறது. இரு தொழிலாளர் கட்சிகளும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டது ஹிட்லருக்குத்தான் வசதியாக இருந்தது. 1931–32-இல் சோவியத் நாட்டில் தங்கி வேலை செய்தார். ஹிட்லரின் உள்ளே இருந்ததை எக்ஸ்ரே எடுத்த அதே கண் ஸ்டாலின் பக்கம் திரும்பவில்லை. இவரை எவ்வளவு மதித்தாலும் இதைச் சொல்லாமல் போனால் மரியாதை ஆகாது.

இவ்வளவு செய்தும் ஹிட்லர் வந்துவிட்டாரே. போஸ்டரால் என்ன பயன்?

1932 ஜூலைத் தேர்தலில் நாஜிக் கட்சிக்கு 37.3 சதவீதம். நவம்பரில் 33.1 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு இந்தப் படங்கள்தான் காரணம் என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஏ.ஐ.இசட். வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே இடதுசாரிகள். அதனால் படம் தேர்தலை மாற்றியிருக்கும் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் ‘எங்களுக்கு அப்போது தெரியாது’ என்று பிறகு சொன்னவர்கள் முன்னால் இந்தப் பக்கங்கள் தேதியோடு இருக்கின்றன. யார் பணம் கொடுக்கிறார்கள், எங்கே போய் முடியும் என்பதெல்லாம் 1932-இலேயே தெருச் சுவரில் ஒட்டியிருந்தது.

பிறகு என்ன ஆனார்?

1938 டிசம்பரில் பிராகிலிருந்து லண்டனுக்குத் தப்பினார். 1939 செப்டம்பரில் ‘பிக்சர் போஸ்ட்’ இதழின் அட்டையில் ஹிட்லரைக் கைசராக, அதாவது பழைய ஜெர்மன் பேரரசராக, காட்டிய அவருடைய படம் வந்தது. ஆனாலும் 1940-இல் ‘எதிரி நாட்டவர்’ என்று முகாமில் அடைத்தார்கள். உடல்நலம் கெட்டதால் விட்டார்கள். பெயரையே இங்கிலீஷில் வைத்துக்கொண்டவருக்கு இங்கிலாந்து செய்த உபசாரம் இது. பிறகு அங்கே புத்தக அட்டைகள் செய்து பிழைத்தார்.

1950-இல் கிழக்கு ஜெர்மனிக்குத் திரும்பினார். மேற்கு நாட்டில் இருந்துவிட்டு வந்தவர் என்று சந்தேகப்பட்டு ஒதுக்கினார்கள். நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் போன்ற நண்பர்கள் விடாமல் பேசியதால் 1956-இல்தான் கலை அகாதமியில் சேர்த்துக்கொண்டார்கள். இதய நோயோடு கடைசிவரை நாடக மேடைகளுக்கும் போஸ்டர்களுக்கும் வேலை செய்தார்.

வடிவமைப்பு படிக்கும் மாணவர்கள் இவரிடம் எதைக் கற்கலாம்?

போட்டோஷாப்பில் பத்து லேயர் போடுவதற்கு முன்பு அவருடைய ஒரு படத்தில் எத்தனை துண்டுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பல படங்களில் இரண்டு அல்லது மூன்றுதான். வணக்கப் படத்தில் ஹிட்லர், பணக்காரர், நோட்டுக் கட்டு, அவ்வளவுதான். அப்புறம் ஒரு பயிற்சி: வாசகத்தை முதலில் எழுதுங்கள், அதைத் திரும்பச் சொல்லாத படத்தைத் தேடுங்கள். படமும் எழுத்தும் ஒன்றையே சொன்னால் ஒன்றை எடுத்துவிடலாம். வெளிச்சத்தின் திசையைச் சரிபாருங்கள். முகத்தில் இடப்பக்கமும் கையில் வலப்பக்கமும் வெளிச்சம் விழுந்தால் ஒட்டு உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

மூலப் படைப்புகளை எங்கே பார்க்கலாம்? நம் போஸ்டரில் பயன்படுத்தலாமா?

அவருடைய ஆவணங்கள் பெர்லினில் உள்ள கலை அகாதமியிடம் இருக்கின்றன. 6,000-க்கும் மேற்பட்ட பொருள்களை இணையப் பட்டியலாகவே திறந்து வைத்திருக்கிறார்கள். ஒட்டுப் பலகையையும் அச்சான பக்கத்தையும் அங்கேயே அருகருகே வைத்துப் பார்க்கலாம். பெர்லினுக்குக் கிழக்கே வால்ட்ஸீவர்ஸ்டோர்ஃப் என்ற ஊரில் அவருடைய கோடைக்கால வீடும் பார்வைக்கு இருக்கிறது.

பயன்படுத்துவது வேறு விஷயம். ஜெர்மன் சட்டப்படி படைத்தவர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். இவருக்கு அது 2038 முடிய. அச்சிட்டு விற்கும் எதிலும் அனுமதி வாங்காமல் போடாதீர்கள். படித்துக் கற்கவும், வகுப்பில் காட்டிப் பேசவும் அகாதமியின் இணையப் பட்டியலே போதும்.